சைக்கிள் சங்கிலிக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

(தென்காசி மாவட்டத்தில் பணியாற்றும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, பாலம், கிணறு, பள்ளிக் கட்டடம் போன்ற பெரும் பணிகளே நம் நினைவிற்கு வருகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், போட்ட சாலையில் செல்லவேண்டிய வண்டி பழுதுற்று வீட்டுத் திண்ணையருகே சாய்ந்து கிடக்குமாயின், அச்சாலையால் அக்குடும்பத்திற்கு அன்று பயனில்லை. சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றிற்கு அவ்வண்டி சைக்கிளேயாகும். பெட்ரோல் கேட்காத வாகனம் அது. உரிமம் கேட்காத வாகனமும் அதுவே.

சைக்கிள் நடுவழியில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, டியூபில் துளை விழுதல். மற்றொன்று, சங்கிலி அறுதல் அல்லது இறுகிப் போதல். முதற் பழுதைப் பற்றிப் பலருக்கும் தெரியும். ஒட்டுப் போடும் பொருள்களை வீட்டிலேயே வைத்திருப்போரும் உளர். சங்கிலி அறுந்தால் செய்யவேண்டுவது யாதென அறிந்தோர் சிலரே. அதற்கென ஒரு சிறு கருவி உண்டு. அஃது உள்ளங்கையில் அடங்கும். ஒரு வீட்டிற்கு ஆண்டில் ஓரிரு முறையே தேவைப்படும். ஆதலின், அதனை வாங்கலாமா, வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது, தனித்தனியே வாங்குவதா அல்லது கூடி வாங்குவதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பகுதியின் தேவை

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் சைக்கிள் சங்கிலியின் வாழ்வு எளிதன்று. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வீசுகிறது. அப்போது குற்றாலம், இலஞ்சி, மேலகரம், பண்பொழி ஆகிய மலையடிவார ஊர்களில் சாரல் பொழியும். அருவியில் நீராட வருவோர்க்கு அஃது இன்பம். வெளியே நிறுத்திய சைக்கிளின் சங்கிலிக்கு அது பகை. சாரல் சங்கிலியின் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கழுவி, ஈரத்தை அதன் கணுக்களுக்குள் தங்கச் செய்கிறது. வெயில் வந்ததும் துரு தோன்றுகிறது. கணுக்கள் மடங்க மறுக்கின்றன. மடங்காத கணுவை மிதித்து இழுக்கும்போது ஆணியின் பிடி தளர்ந்து, தகடு கழன்று, சங்கிலி அறுகிறது.

அதே காற்று கிழக்கே ஆலங்குளம் பக்கம் செல்லும்போது மழையின்றி வறண்டு வீசுகிறது. அங்கே பகை ஈரமன்று, புழுதி. எண்ணெயோடு கலந்த புழுதி, உப்புத்தாள் போல நின்று ஆணிகளைத் தேய்த்துவிடும். ஆக, மாவட்டத்தின் மேற்கில் துருவாலும் கிழக்கில் தேய்வாலும் சங்கிலி கெடுகிறது.

இதனால் இழப்புறுவோர் யாவர்? பாற்கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் சங்கத்திற்குச் செல்வோர், காய்கறி மூட்டையைப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிறு விவசாயிகள், தோட்ட வேலைக்குச் செல்லும் கூலியாட்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரேயாவர். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கெனத் தமிழ்நாடு அரசு 2001-02-இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் ஏழைக் குடும்பங்களிலும் சைக்கிள் உண்டு. அதனைச் சரிசெய்யும் கருவிதான் இல்லை.

குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மிதித்துச் சென்றால் அரைமணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். அறுந்த சங்கிலியோடு தள்ளிக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். பொதுத்தேர்விற்குப் படிக்கும் மாணவி ஒருத்தி அதற்குள் முதற் பாடவேளையை இழந்துவிடுவாள். முன்னாளில் ஊருக்கொரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பழுது பார்ப்பவரும் அங்கேயே இருந்தார். மோட்டார் சைக்கிள்கள் பெருகிய பின்னர் அத்தகைய கடைகள் பல மூடப்பட்டன. ஆதலின், அவர் செய்துவந்த சிறு வேலைகளை நாமே செய்யக் கற்றுக்கொள்ளுதல் நலம்.

சங்கிலியின் அமைப்பு

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் சங்கிலியை அறிதல் வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் சங்கிலியின் மூல வடிவத்தை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பார் உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றளவும் மாறவில்லை.

சங்கிலியில் உள்கணு, வெளிக்கணு என இருவகைக் கணுக்கள் மாறிமாறி வரும். உள்கணுவில் இரண்டு தகடுகளும் அவற்றிடையே சுழலும் இரண்டு உருளைகளும் உள்ளன. வெளிக்கணுவில் இரண்டு தகடுகளும் அவற்றை இணைக்கும் இரண்டு ஆணிகளும் உள்ளன. ஆணி உள்கணுவினுள் தளர்வாகச் சுழலும். வெளித்தகட்டின் துளையிலோ மிக இறுக்கமாகப் பொருந்தி நிற்கும். இவ்விறுக்கமே சங்கிலியைக் காக்கிறது. அதனைக் கழற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டியிருப்பதும் இவ்விறுக்கத்தினாலேயே.

ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இக்காலத்துச் சைக்கிள் சங்கிலிகளில் இவ்வளவு உலகெங்கும் ஒன்றேயாகும். ஆனால், உள் அகலம் மாறுபடும். நம் ஊர்களில் ஓடும் கியர் இல்லாத சைக்கிளின் சங்கிலி 1/8 அங்குல உள் அகலமுடையது. கியர் சைக்கிளின் சங்கிலி 3/32 அங்குலமோ அதனினும் குறைந்த அகலமோ உடையது. கருவி வாங்கும்போது பலர் கவனியாது விடுவது இவ்வேறுபாட்டையே.

கருவி உண்மையில் தேவையா?

பொருளை வாங்குமுன் அது தேவைதானா என்று கேட்டல் சிக்கனத்தின் முதற்படியாகும். கியர் இல்லாத சைக்கிள்களின் சங்கிலியில் பெரும்பாலும் ஒரு கணு மட்டும் தனித்துத் தோன்றும். அதன்மேல் மீன் வடிவில் ஒரு சிறு எஃகுக் கவ்வி இருக்கும். இதனைக் கடைக்காரர்கள் 'செயின் லாக்' என்பர். இக்கவ்வியைக் குறடு கொண்டு நகர்த்தினால் கணு பிரிந்துவிடும். சங்கிலியைக் கழற்றித் துடைப்பதற்கும், புதுச் சங்கிலி மாற்றுவதற்கும், கவ்வி தொலைந்தபோது வேறொன்று பூட்டுவதற்கும் இதுவே போதும். இவ்வேலைகளுக்குச் சங்கிலிக் கருவி வேண்டியதில்லை.

கருவி தேவைப்படும் இடங்கள் மூன்று. முதலாவது, செயின் லாக் இல்லாத வேறோர் இடத்தில் சங்கிலி அறும்போது, உடைந்த கணுவை நீக்குதல். இரண்டாவது, நீண்டுள்ள புதுச் சங்கிலியைச் சைக்கிளுக்கு ஏற்பக் குறைத்தல். மூன்றாவது, செயின் லாக்கே இல்லாத சங்கிலியைக் கழற்றுதல். இவற்றுள் முதலாவதே வழியில் நேர்வது. நம்மை நடக்க வைப்பதும் அதுவே.

நடக்கும் தொலைவிற்குள் சைக்கிள் கடை உள்ளவர்கள் கருவி வாங்காமலே இருந்துவிடலாம். அவர்கள் தம் சங்கிலிக்குரிய செயின் லாக் ஒன்றை மட்டும் வாங்கி இருக்கைப் பையில் வைத்துக்கொள்வது போதும். கடை தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கே இனிக் கூறுவன பொருந்தும்.

நான்கு வழிகள்

ஆணியைத் தள்ளுவதற்கு நான்கு வழிகள் உள்ளன.

சுத்தியலும் பஞ்சும்: நம் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் கையாண்ட முறை இது. சங்கிலியை ஒரு பெரிய நட்டின்மேல் ஆணி துளைக்கு நேராக வருமாறு வைத்து, மழுங்கிய முனையுடைய பஞ்சினால் அடித்து ஆணியை வெளியேற்றுவர். பழகிய கைக்கு இஃது எளிது, செலவும் இல்லை. பழகாத கைக்கோ தகடு வளையும். ஆணி முழுதும் வெளியேறி மண்ணில் தொலையும். எஃகுத் துணுக்கு கண்ணில் தெறிப்பதும் உண்டு. சுவரில் அடிக்கும் ஆணியைப் பஞ்சிற்குப் பதிலாகப் பயன்படுத்துவது அறவே கூடாது.

சிறு திருகுக் கருவி: ஓர் எஃகு உடல், சங்கிலியை வைக்கும் பள்ளம், ஒரு திருகு, திருகின் நுனியில் தள்ளும் ஊசி ஆகிய நான்கே இதன் உறுப்புகள். கடைகளில் இதனைச் 'செயின் கட்டர்' என்று கேட்டால் தருவர். பெயர் அவ்வாறிருப்பினும் இஃது எதனையும் வெட்டுவதில்லை. ஆணியைத் தள்ளுவதே இதன் வேலை.

மடக்குப் பல்கருவி: திருப்புளி, அறுகோணச் சாவி முதலியவற்றோடு சங்கிலிக் கருவியும் சேர்ந்து மடங்கியிருப்பது. நெடுந்தொலைவு செல்லும் விளையாட்டு வீரர்க்கு ஏற்றது. இதில் பலவகை, கியர் சைக்கிளின் மெல்லிய சங்கிலிக்கெனவே செய்யப்பட்டவை. நம் அகலச் சங்கிலி அவற்றின் பள்ளத்தில் அமராது. நம் சைக்கிள்களின் நட்டுகளுக்கு வேண்டிய ஸ்பானர்களும் இதில் இருப்பதரிது. ஆகவே, நம் தேவைக்கு இது பொருந்தாது.

பட்டறைக் கருவி: நீண்ட கைப்பிடிகளும் கனத்த உடலும் கொண்டது. நாள்தோறும் வேலை செய்வோர்க்குரியது. விலையும் மிகுதி. எப்போதேனும் பயன்படுத்தும் வீட்டிற்கு இது வீண் செலவாகும்.

இவற்றுள் இரண்டாவதாகிய சிறு திருகுக் கருவியே நமக்கு ஏற்றது. ஆயினும் அதிலும் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது கையோடு பழைய சங்கிலித் துண்டு ஒன்றைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நான்கைந்து கணுக்கள் இருந்தால் போதும். கடைக்காரரின் சொல்லைவிட அத்துண்டு தரும் சான்று உறுதியானது. கீழ்க்காணும் ஐந்தையும் அங்கேயே சோதிக்கலாம்.

1. பள்ளத்தின் அகலம்: துண்டைப் பள்ளத்தில் வைத்தால் அது தானாக அமரவேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. அழுத்தி நுழைக்க வேண்டியிருந்தால் அக்கருவி மெல்லிய சங்கிலிக்குரியது, வாங்கற்க.

2. ஊசியின் நேர்மை: திருகை முன்னே செலுத்தினால் ஊசியின் நுனி ஆணியின் நடுவில் சென்று பொருந்தவேண்டும். மேலோ கீழோ விலகியிருந்தால் அது தகட்டில் முட்டி வளையும். நம் சங்கிலியின் ஆணி ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் பருமனுடையது. ஊசி அதனினும் சற்று மெல்லியதாக இருந்தால்தான் தகட்டின் துளைக்குள் நுழைந்து ஆணியை வெளியேற்றும்.

3. மாற்றத்தக்க ஊசி: இக்கருவியில் முதலில் கெடுவது ஊசியே. அது திருகோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால், ஊசி முறிந்த அன்றே கருவி இரும்புக் கடைக்குச் செல்லவேண்டியதுதான். ஊசியைக் கழற்றி வேறொன்று பொருத்தும் வகையில் இருந்தால் கருவி பல்லாண்டு நிற்கும். மாற்று ஊசி அதே கடையில் கிடைக்குமா என்றும் கேட்டல் வேண்டும். கிடைக்குமாயின், கருவியோடு ஓர் ஊசியையும் சேர்த்து வாங்குதல் நன்று.

4. திருகும் கைப்பிடியும்: திருகு விரல்களாலேயே தடையின்றிச் சுழலவேண்டும். கரகரவென்ற ஓசையோ இடையிடையே சிக்கலோ இருந்தால் மரை சரியாக வெட்டப்படவில்லை என்பது பொருள். திருகின் தலையில் குறுக்குக் கம்பி நீளமாக இருத்தல் நலம். மிகக் குறுகிய கம்பியால் இறுகிய ஆணியைத் தள்ள வேண்டிய விசையை அளிக்க இயலாது. பெண்களும் பிள்ளைகளும் பயன்படுத்துவதற்கு இது முதன்மையான செய்தியாகும்.

5. முதுகுத் தாங்கல்: ஊசி ஒரு புறம் தள்ளும்போது, மறுபுறம் சங்கிலியைத் தாங்கும் சுவர் எஃகாக இருக்கவேண்டும். மெல்லிய வார்ப்பாக இருந்தால் அச்சுவர் விரிந்து சங்கிலி கோணும். பழைய துண்டில் ஓர் ஆணியைத் தள்ளிப் பார்த்த பின்னர் அச்சுவரைக் கண்ணால் நோக்குக. வளைவு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சில கருவிகளில் இரண்டாவது பள்ளம் ஒன்று இருக்கும். இறுகிய கணுவைத் தளர்த்த அது பயன்படும். இருந்தால் நன்று; இல்லாவிடினும் குறையில்லை. அவ்வேலையைக் கையாலும் செய்யலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சைக்கிள் கருவியை மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குப் பயன்படுத்தினால் ஊசி முறிந்துவிடும். அதன் ஆணி பருமனானது. அவ்வாறே மோட்டார் சைக்கிள் சங்கிலிக் கருவியின் தடித்த ஊசி சைக்கிள் சங்கிலியின் துளையைப் பெருக்கிக் கெடுத்துவிடும். கருவியை இரவல் கேட்போர்க்கு இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நட்பிற்கும் நல்லது.

விலைக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். ஆதலின், விலையைக் காட்டிலும் கணக்கிடும் முறையை அறிதலே பயன் தரும். கருவியின் விலையை, அதனை எத்தனை முறை பயன்படுத்துவோம் என்னும் எண்ணால் வகுத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் 200 ரூபாய்க்குக் கருவி வாங்குகிறது என்று கொள்வோம். ஆண்டிற்கு இரண்டு முறை வீதம் ஐந்தாண்டுகளில் பத்து முறை பயன்படும். ஒரு முறைக்கு 20 ரூபாய் ஆகிறது. இனி, நாற்பது சைக்கிள்கள் உள்ள ஒரு தெருவினர் கூடி, மாற்று ஊசியுடைய நல்ல கருவி ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்குகின்றனர் என்று கொள்வோம். சைக்கிளுக்கு ஆண்டில் ஒரு முறை வீதம் நாற்பது முறை. ஐந்தாண்டுகளில் இருநூறு முறை. ஒரு முறைக்கு 3 ரூபாயே ஆகிறது. இடையில் இரண்டு மூன்று ஊசிகள் மாற்றினாலும் கணக்கு பெரிதும் மாறாது. முதலில் ஒரு குடும்பத்தின் பங்கோ 15 ரூபாய்தான்.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் உண்மை யாது? மலிவான கருவியை வீட்டிற்கொன்று வாங்குவதைவிட, நல்ல கருவியைத் தெருவிற்கொன்று வாங்குவதே சிக்கனம். எப்போதேனும் வேண்டப்படும் பொருளைக் கூடி வாங்குவதில்தான் ஏழைக்கும் நல்ல பொருள் கிடைக்கிறது.

தனித்தே வாங்கவேண்டிய நிலையில் உள்ளோர்க்கு ஓர் அளவுகோல்: கருவியின் விலை ஒரு புதுச் சங்கிலியின் விலையை மிகவும் விஞ்சுமாயின், எப்போதேனும் பயன்படுத்தும் ஒரு வீட்டிற்கு அது மிகை.

பயன்படுத்தும் முறை

நல்ல கருவியும் முறையறியாதவர் கையில் கெடும். படிப்படியாகச் செய்யவேண்டுவன இவை:

முதலாவது, சங்கிலியைத் துணியால் துடைத்து, அறுந்த இடத்தை நன்கு நோக்கவேண்டும். பெரும்பாலும் வெளித்தகடு ஒன்று ஆணியிலிருந்து கழன்றிருக்கும். அவ்வாறாயின், அந்த வெளிக்கணுவின் எஞ்சிய பகுதியைக் கருவியால் நீக்கிவிட்டு, அவ்விடத்தில் புதிய செயின் லாக் ஒன்றைப் பூட்டலாம். செயின் லாக் ஒரு வெளிக்கணுவிற்குச் சமம். ஆதலின் சங்கிலியின் நீளம் குறையாது. கருவியோடு இரண்டு செயின் லாக்குகளையும் வைத்திருக்கவேண்டும் என்பது இதனாலேயே.

இரண்டாவது, சங்கிலியைப் பள்ளத்தில் முழுமையாக அமர்த்தி, ஊசியை ஆணியின் நடுவில் பொருத்தி, மெல்லத் திருகவேண்டும். முதலில் கடினமாக இருக்கும். ஆணி நகரத் தொடங்கியதும் இலகுவாகும். முதலிலேயே ஊசி சறுக்கினால் நிறுத்தி, மீண்டும் நேராக வைத்துத் திருகுக. இக்கட்டத்தில் அவசரப்படுவோரே ஊசியை முறிக்கின்றனர்.

மூன்றாவது, நீக்கிய கணுவை எறிந்துவிடுவதாயின் ஆணியை முழுதும் வெளியேற்றலாம். அதே ஆணியை மீண்டும் பயன்படுத்துவதாயின், அது மறுபுறத் தகட்டில் சிறிதளவு பிடித்து நிற்கும்போதே நிறுத்திவிடவேண்டும். பின்னர்ச் சங்கிலியைப் பக்கவாட்டில் சற்று வளைத்தால் கணு பிரியும். முழுதும் வெளியேறிய ஆணியை மீண்டும் துளையில் நேராக நுழைத்தல் மிகக் கடினம்.

நான்காவது, உள்கணுவே உடைந்திருந்தால் அதனோடு அடுத்த வெளிக்கணு ஒன்றையும் சேர்த்து நீக்குதல் வேண்டும். இதனால் சங்கிலி ஓர் அங்குலம் குறையும். பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னே நகர்த்தினால் இது சரியாகும். நகர்த்த இடமில்லையாயின், பழைய சங்கிலியிலிருந்து உள்கணு ஒன்றை எடுத்து, அதன் இருபுறமும் செயின் லாக் பூட்டி இணைக்கலாம். பழைய சங்கிலித் துண்டுகளை எறியாமல் வைத்திருப்பதன் பயன் இதுவாகும்.

ஐந்தாவது, செயின் லாக்கின் கவ்வியைப் பூட்டும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்கவேண்டும். அதாவது, சங்கிலியின் மேற்பகுதியில் மூடிய முனை முன்சக்கரப் பக்கமாக இருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால் எதிலேனும் உராய்ந்து கவ்வி கழன்றுவிடலாம்.

ஆறாவது, ஆணியைத் திரும்பத் தள்ளிய கணு சில வேளைகளில் இறுகி நிற்கும். இரு கைகளாலும் அக்கணுவின் இருபுறத்தையும் பற்றிப் பக்கவாட்டில் மெல்ல இருபுறமும் வளைத்தால் அது தளரும். இறுதியாக, மேலுள்ள சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம் மேலும் கீழும் அசைந்தால் சரியான தொய்வு.

கியர் சைக்கிளின் மெல்லிய சங்கிலியில் ஒரு முறை தள்ளிய ஆணியை மீண்டும் பயன்படுத்தலாகாது. அதற்கெனத் தனி ஆணியோ இணைப்புக் கணுவோ வாங்குதல் வேண்டும்.

எப்போது கருவியால் பயனில்லை?

தேய்ந்து போன சங்கிலியைக் கணுக் கணுவாகச் செப்பனிடுவது, கிழிந்த சாக்கிற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதைப் போன்றது. சங்கிலியின் தேய்வை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் 12 அங்குல அளவுகோலே போதும். சங்கிலியை இழுத்து நிறுத்தி, ஓர் ஆணியின் நடுவில் சுழியை வைத்து அளந்தால், புதுச் சங்கிலியில் 24 கணுக்கள் சரியாக 12 அங்குலம் இருக்கும். இருபத்துநான்காவது கணுவின் ஆணி 12 அங்குலத்தைத் தாண்டி 1/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சென்றிருந்தால் சங்கிலியை மாற்றிவிடவேண்டும். மாற்றாமல் ஓட்டினால் முன் பற்சக்கரமும் பின்னுள்ள பிரீவீலும் தேய்ந்து, ஒன்றின் செலவு மூன்றாகும்.

சங்கிலி நெடுநாள் உழைக்கவேண்டுமாயின், சாரல் காலத்தில் வாரம் ஒரு முறை துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் மெஷின் எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துணியால் எடுத்துவிடுதல் வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெயில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். இரண்டும் வேண்டா.

ஊராட்சியார் செய்யத்தக்கன

ஒரு சிற்றூரில் இக்கருவியை வாங்குவதற்கு அரசின் ஆணையையோ பெருந்தொகையையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு தெருவினரோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, இளைஞர் மன்றமோ சிறு தொகை சேர்த்து வாங்கிவிடலாம். ஊராட்சி உறுப்பினர்கள் செய்யவேண்டுவது அதனை ஒழுங்குபடுத்துவதேயாகும்.

ஒரு தகரப் பெட்டியில் சங்கிலிக் கருவி ஒன்று, மாற்று ஊசி இரண்டு, செயின் லாக் ஆறு, பழைய சங்கிலித் துண்டுகள், குறடு, எண்ணெய்க் குப்பி, துணி ஆகியவற்றை வைக்கலாம். விடியற்காலையிலும் திறந்திருக்கும் இடத்தில், பொறுப்பான ஒருவரிடம் அப்பெட்டி இருத்தல் வேண்டும். பால் சங்கமோ தேநீர்க் கடையோ அதற்கு ஏற்றது. பூட்டிய அலுவலகத்தினுள் இருக்கும் கருவி காலை ஏழு மணிக்குச் சங்கிலி அறுந்த பிள்ளைக்கு உதவாது. எடுத்துச் செல்வோர் பெயரையும் திருப்பிய நாளையும் ஒரு நோட்டில் குறித்தால் போதும். செயின் லாக் எடுத்தவர் அதன் விலையைப் பெட்டியில் இட்டுவிட்டால் பொருள் தீராது.

பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் சாரல் தொடங்கும் ஜூன் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. ஆதலின், மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் இதனைப் பேசி முடிவு செய்தால், சாரலுக்குமுன் பெட்டி ஆயத்தமாகிவிடும். ஆகஸ்டு 15 கிராம சபை கலைந்த பின்னர் அரைமணி நேரம் ஒதுக்கி, பழைய சங்கிலியில் ஆணியைத் தள்ளிக் காட்டலாம். பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை தாமே செய்து பார்த்தல் வேண்டும். 11-ஆம் வகுப்பு மாணவியரை முன்வரிசையில் நிற்க வைப்பது சாலச் சிறந்தது.

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராது சந்தைக்கும் வேலைக்கும் செல்லும் உரிமையை அவர்களுக்கு அது தந்தது. ஓட்டக் கற்ற கை பழுது பார்க்கவும் கற்றால்தான் அவ்வுரிமை முழுமை பெறும். நடுவழியில் சங்கிலி அறுந்தாலும் பிறர் வரவை எதிர்பார்த்து நிற்காமல், பத்து நிமிடத்தில் சரிசெய்துகொண்டு புறப்படும் பெண்ணை எவரும் வீட்டில் நிறுத்திவைக்க இயலாது.

படிப்பு வட்டங்களுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் எத்தனை சைக்கிள்கள் உள்ளன? அவற்றுள் சங்கிலிப் பழுதால் ஓடாமல் நிற்பவை எத்தனை?

2. மிக அருகிலுள்ள சைக்கிள் பழுது பார்க்கும் கடை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது? அது காலை எத்தனை மணிக்குத் திறக்கிறது?

3. நம் ஊர்ச் சைக்கிள்களின் சங்கிலி 1/8 அங்குலமா, அதனினும் மெல்லியதா? கியர் சைக்கிள்கள் எத்தனை?

4. ஐந்து சைக்கிள்களின் சங்கிலியை 12 அங்குல அளவுகோலால் அளந்து பாருங்கள். மாற்றவேண்டியவை எவை?

5. கருவிப் பெட்டியை எங்கே வைக்கலாம்? யார் பொறுப்பேற்பார்? ஒரு குடும்பம் எவ்வளவு தரவேண்டும்?

இவ்வைந்து வினாக்களுக்கும் விடை எழுதி முடித்த அன்றே, எத்தகைய கருவியை வாங்குவது என்பதும் உங்கள் ஊருக்குத் தெளிவாகிவிடும்.